17 படிகளுக்குக் கீழே இருந்து, எங்கள் ஊர் வணிகர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் வணிகர் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இதையெல்லாம் உங்களிடம் நேரில் பேசத்தான் போன மாதம் வந்தேன். சங்க அலுவலகம் முதல் மாடியில் இருக்கிறது. தெருவில் சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டு எண்ணிப் பார்த்தேன், 17 படிகள். மேலே இருந்து எட்டிப் பார்த்த அலுவலகப் பையன் ஓடி இறங்கி வந்து, "மனுவைக் குடுங்கக்கா, தலைவர்கிட்ட நான் சேத்துடறேன்" என்றான். நல்ல பிள்ளை. ஆனால் நான் தாளைக் கொடுத்துவிட்டுப் போக வரவில்லை, உங்களோடு உட்கார்ந்து பேச வந்தேன். அதனால் திரும்பிவிட்டேன். அங்கே சொல்ல நினைத்ததை இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். தேரடிக்குப் பின்னால் ட்யூஷன் எடுக்கும் டீச்சர். உங்கள் பிள்ளைகளில் சிலர் என்னிடம்தான் கணக்குப் படித்தார்கள். இரண்டு வயதில் எனக்குப் போலியோ வந்தது. பல வருடங்கள் காலில் காலிப்பர் என்ற தாங்கியை மாட்டி, கட்டை ஊன்றி நடந்தேன். தோள்பட்டை தேய்ந்துபோன பிறகு, இப்போது எட்டு வருடமாகச் சக்கர நாற்காலி. கட்டையோடு நடந்த காலத்தில் எப்படியாவது உங்கள் கடைகளுக்குள் ஏறிவிடுவேன். நாற்காலிக்கு வந்த பிறகுதான் நம் கடைவீதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று புரிந்தது.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்று, "படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வுதளம் போடக் கூடாதா?" என்று கேட்டேன். உரிமையாளர் கோபப்படவில்லை. மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "டீச்சர், இது என்ன கவர்மெண்ட் ஆபீஸா? என் சொந்த இடம். பட்டா என் பேர்ல இருக்கு. எங்களால முடிஞ்ச உதவியைச் செய்யறோம். கட்டாயம்னு சொன்னா எப்படி?"

அன்று அதற்குச் சரியான பதில் எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து நாள் கணக்கில் யோசித்தேன், தேடிப் படித்தேன். ஒரு கடை யாருடைய இடம் என்ற கேள்விக்கு நான் கண்ட பதிலை உங்கள் முன் வைக்கிறேன்.

அந்த ஜவுளிக்கடையின் உள்சுவரில், கல்லாவுக்கு மேலே, புகைபிடிப்பது குற்றம் என்ற பலகை மாட்டியிருக்கிறது. வாசலில் இருந்தே எனக்குத் தெரியும். உங்களில் பலர் கடையிலும் அது உண்டு. அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பது 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம். உரிமையோடு வந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பொதுமக்கள் வந்துபோகும் இடமெல்லாம் பொது இடம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் உணவகம், விடுதி, வணிக வளாகம், திரையரங்கம், வேலைத்தலம் எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்தன. அன்று யாரும் பட்டாவைக் காட்டிச் சண்டை போடவில்லை. பலகையை வாங்கி மாட்டினீர்கள். உங்கள் சொந்தச் சுவரே பல வருடமாக அதைப் பொது இடம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

கடை உங்கள் சொத்து என்பதை நான் மறுக்கவில்லை. எத்தனை மணிக்குத் திறப்பது, எப்போது அடைப்பது, என்ன விலை வைப்பது, கடன் கொடுப்பதா வேண்டாமா, எல்லாம் உங்கள் முடிவு. குடித்துவிட்டு வந்து தகராறு செய்பவரை வெளியே அனுப்பலாம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், திரையரங்கம் உரிமையாளரின் தனிச்சொத்து, வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்று அவர் நிபந்தனை போடலாம் என்றுதான் தீர்ப்புச் சொன்னது. அதே தீர்ப்பில், வருகிறவர்களுக்குக் குடிதண்ணீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும், கைக்குழந்தைக்கு எடுத்துவரும் உணவைத் தடுக்கக் கூடாது என்பதும் இருக்கிறது. எனக்கு இது நியாயமான கோடாகப் படுகிறது. உள்ளே வந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். ஒரு மனிதர் இன்னார் என்பதற்காகவே அவருக்கு உள்ளே இடமில்லை என்று ஆக்குவது வேறு விஷயம்.

இந்தக் கேள்வி நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. நம் ஊர்களின் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. அங்கேயும் கடைக்காரர் சொன்னது இதுதான்: என் கடை, என் டம்ளர். 1957இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் இயக்கத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். பலகை உரிமையாளரின் காசில் எழுதியதுதான். ஆனாலும் தெருவைப் பார்த்து மாட்டியிருந்த அந்தச் சொல், போகிற வருகிற எல்லோரிடமும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் அது மாறியது.

அதற்கு முன்பே அரசியலமைப்புச் சட்டத்தில் 15ஆம் பிரிவு வந்துவிட்டது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றைக் காரணம் காட்டிக் கடைகளிலும் பொது உணவகங்களிலும் விடுதிகளிலும் கேளிக்கை இடங்களிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் அது விவாதத்துக்கு வந்தபோது, இதில் கடை என்றால் என்ன என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். அம்பேத்கர் அந்தச் சொல்லை எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்தார். தன் சேவையை நாடி வருகிற எவருக்கும் அதைத் தரத் தயாராக ஒருவர் வைத்திருக்கும் இடம்தான் கடை என்றார். உள்ளே விடுவதோடு அது முடிந்துவிடாது, சேவையையும் தர வேண்டும் என்றும் சொன்னார். அவர் அங்கே பட்டாவைப் பற்றிப் பேசவில்லை. யாருக்காகக் கதவு திறந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் கடையை விளக்கினார். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் முடிதிருத்தகத்தையும் சலவைக்கடையையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது.

நம் காலத்தில் நடந்ததும் ஒன்று உண்டு. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த விழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போன உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை உள்ளே விடவில்லை. கிளப் தனியாருடையது, உடை விதி அவர்களுடையது. தமிழ்நாடே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. வேட்டி கட்டி வருபவரைத் தடுத்தால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அன்று உங்கள் கடைகளில் உட்கார்ந்து இதைப் பற்றி எவ்வளவு ஆவேசமாகப் பேசினீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. நானும் அதே ஆவேசத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாதியைச் சொல்லி வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வலியும் என் நிலைமையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே அவமதிக்கும் எண்ணம் இருந்தது. உங்களிடம் அந்த எண்ணம் துளியும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்கும் பதில் மட்டும் அதேதான். அரசியலமைப்பின் அந்தப் பட்டியலில் எங்களைப் போன்றவர்கள் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கென்று 1995இல் வந்த முதல் சட்டமும் சாய்வுதளம் போடும் பொறுப்பை அரசுக்கும் உள்ளாட்சிக்கும்தான் கொடுத்தது, அதுவும் அவர்களின் பண வசதிக்கு உட்பட்டு. தனியார் இடங்களுக்குள் நாங்கள் நுழைய 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடம் என்றால் என்ன என்று விளக்குகிறது: அரசுடையதோ தனியாருடையதோ, பொதுமக்கள் பயன்படுத்துகிற, வந்துபோகிற கட்டடம். வணிகம் நடக்கும் இடம் என்பதும் அதில் தெளிவாக இருக்கிறது. ஜவுளிக்கடை அண்ணன் கேட்ட கேள்விக்கு இதுதான் நேரான பதில். பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது, கட்டடம் பொதுக் கட்டடம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை மாற்றி அமைக்க, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து வருடம் அவகாசம் கொடுத்தார்கள். விதிகள் வந்தது 2017 ஜூனில். அவகாசம் 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. புதிதாகக் கட்டுவதானால் இந்த வசதி இல்லாமல் கட்டடம் முடிந்ததற்கான சான்றிதழே தரக் கூடாது என்கிறது சட்டம். நம் பேருந்து நிலையத்துக்கு எதிரே எழும்பிக்கொண்டிருக்கும் வளாகத்தின் முகப்பில் இப்போதே ஐந்து படி வைத்துவிட்டார்கள். 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி என்பவர் தொடுத்த வழக்கில், இந்த அணுகல் வசதிகளை வெறும் பரிந்துரைபோல எழுதி வைத்தது செல்லாது, கட்டாயமான விதிகளாக ஆக்க வேண்டும் என்று ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தக் கடை மீதும் இதுவரை நான் புகார் கொடுத்ததில்லை. "கட்டாயம்னு சொன்னா எப்படி" என்று கேட்டாரே, அதற்காகச் சொல்கிறேன்.

சட்டத்தை இங்கே விடுகிறேன். வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"நீங்க ஏன் டீச்சர் சிரமப்படறீங்க, வேணுங்கறதைச் சொல்லுங்க, தெருவுக்கே கொண்டாந்து தரோம்" என்கிறீர்கள். அன்போடுதான் சொல்கிறீர்கள். மளிகைக்கு அது சரி. துவரம்பருப்பு ஒரு கிலோ என்று தெருவில் நின்று சொல்லலாம். மருந்துக்கடையில்? மூன்று படிக்கு மேலே, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி, நடுத்தெருவில் நின்றுகொண்டு சானிட்டரி நாப்கின் என்று கத்த வேண்டும். பக்கத்து டீக்கடையில் என் பழைய மாணவர்கள் நிற்பார்கள். ஒரு சீட்டில் எழுதி யாரிடமாவது கொடுத்தனுப்பப் பழகிக்கொண்டேன். மருத்துவரிடம் போய் வந்த சீட்டையும் அப்படித்தான் கொடுத்தனுப்புகிறேன். என் உடம்புக்கு என்ன என்று எனக்கு முன்னால் இரண்டு பேர் படித்துவிடுகிறார்கள்.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று என் சங்கிலியை அடகு வைக்கப் போனேன். அடகுக்கடை நாலு படி. அங்கிருந்த பையன் கீழே இறங்கி வந்து, பேருந்துக்கு நிற்பவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்த சங்கிலியை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். எடை போட்டதை நான் பார்க்கவில்லை. உரசிப் பார்த்ததையும் பார்க்கவில்லை. கால் மணி நேரம் கழித்து ரசீதும் பணமும் வந்தன. கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஏமாற்றவில்லை. ஆனால் அடகு வைக்கப் போகிற எவரும் தலையைக் குனிந்துகொண்டு சட்டென்று உள்ளே நுழைந்துவிடத்தான் பார்ப்பார்கள். அந்த ஒரு மறைவு எனக்குக் கிடைக்கவில்லை.

தூக்கிவிடுவதாகவும் சொல்வீர்கள். "ரெண்டு பசங்களைக் கூப்பிடறேன், ஒரே தூக்கா தூக்கிடலாம்." ஒரு தீபாவளிக்கு முன்னால் நானும் சம்மதித்தேன். இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். ஒருவர் கை நாற்காலியில் இருந்தது, இன்னொருவர் கை என் அக்குளில். கூட்டம் விலகி நின்று வேடிக்கை பார்த்தது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தபோது புடவையைப் பிடிப்பதா, கைப்பிடியைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. உள்ளே போய் ஒரு புடவைகூட எடுக்காமல் வந்துவிட்டேன். நடக்கத் தெரிந்த ஒரு பெண்ணை உங்கள் கடை ஆட்கள் தொட்டுத் தூக்கி உள்ளே வைப்பதை நீங்கள் அனுமதிப்பீர்களா?

என் தேவைகளை நானே பார்த்து, தொட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டு, அடுத்த கடைக்குப் போக வேண்டும். கடைவீதிக்குப் போவது என்றால் அதுதானே? தங்கை எடுத்து வரும் புடவையைத்தான் எட்டு வருடமாகக் கட்டுகிறேன். அவளுக்கு நல்ல ரசனை, ஆனால் அது அவளுடைய ரசனை.

ஒன்றைக் கவனித்தேன். இந்தத் தெருவில் நான் தடையில்லாமல் போகிற இடங்கள் எல்லாம் சின்னக் கடைகள். தேரடி டீக்கடை, தள்ளுவண்டிப் பழக்கடை, பூக்காரம்மா, தரையில் சாக்கு விரித்து வளையல் விற்பவர். அவர்கள் தெருவின் மட்டத்தில் இருக்கிறார்கள். கடை பெரிதாகப் பெரிதாகப் படி உயர்ந்துகொண்டே போகிறது.

படிகளுக்குக் காரணம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அப்பா இந்தத் தெருவில்தான் முப்பது வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்தார். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதற்கு மேலேயே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்தது. ஐப்பசி மழைக்குத் தண்ணீர் கடைக்குள் புகுந்து சரக்கு நாசமானது. நீங்கள் தளத்தை உயர்த்தினீர்கள். வேறு வழி இருக்கவில்லை. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் உத்தரவிட்டது 2021இல்தான். இந்த விஷயத்தில் நகராட்சியிடம் நீங்கள் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. கேட்கும்போது உங்களோடு நானும் வருகிறேன்.

ஆனால் அந்தப் படிகள் எங்கே நிற்கின்றன என்று ஒருமுறை இறங்கி வந்து பாருங்கள். பெரும்பாலானவை உங்கள் பட்டா நிலத்தில் இல்லை. சாக்கடைக்கு மேலே பலகைக்கல் போட்டு, தெருவுக்குள் இரண்டடி, மூன்றடி நீட்டிக் கட்டியிருக்கிறீர்கள். அதற்கு வெளியே பொம்மை, விளம்பரப் பலகை, ஜெனரேட்டர். தொங்கவிட்ட வாளிகளில் முட்டிக்கொண்டு நடக்கிறார் நம் ஊர்ப் பார்வையற்ற பாடகர் ஒருவர். நடக்கிறவர்கள் எல்லோருக்கும் உரிய இடத்தை உங்கள் வாசலுக்கு எடுத்துக்கொண்டீர்கள், ஊரும் பேசாமல் இருந்தது. அதே ஊர் உங்கள் வாசலைக் கேட்கும்போது சொந்த இடம் என்கிறீர்கள். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. மறைக்க விரும்பவில்லை.

நம் பழைய வீடுகளுக்குத் திண்ணை இருந்தது. வீடு சொந்தம், திண்ணை வழிப்போக்கனுக்கு. எல்லாச் சாதியாருக்கும் அது கிடைத்துவிடவில்லை என்பதும் உண்மை. இருந்தாலும், தன் இடத்தில் ஒரு பகுதியை முன்பின் தெரியாதவருக்கென்று விட்டுவைக்கும் வழக்கம் நமக்கு எங்கிருந்தோ இறக்குமதி ஆனதில்லை.

இனி, செலவும் இடமும். சாய்வுதளம் 1க்கு 12 என்ற அளவில் சரிய வேண்டும். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படிக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும். மூன்று படி என்றால் 5.4 மீட்டர். அவ்வளவையும் தெருவுக்குள் நீட்டச் சொல்ல மாட்டேன், நீட்டவும் கூடாது. சில கடைகளில் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் திருப்பிக் கொண்டுபோகலாம். சிலவற்றில் வாசலை உள்ளே தள்ளி, சரிவைக் கடைக்குள்ளேயே அமைக்கலாம், நாலடி அகலம் போகும். சரக்கு இறக்கப் பின்வாசல் வைத்திருப்பவர்கள் அங்கே போகும் சந்துவழியைச் சுத்தமாக வைத்து, பூட்டாமல் விட்டாலே போதும். ஒரே ஒரு படி மட்டும் உள்ள கடைகள் நம் தெருவில் பாதிக்கு மேல். அவற்றுக்கு ஒரு மடக்குப் பலகை போதும்.

இரும்புக்கடை அண்ணாச்சி ஒருவர் இதைச் செய்துவிட்டார். யாரும் கேட்கவில்லை, அவராகவே செய்தார். வழுக்காமல் இருக்கப் புடைப்புப் போட்ட தகடு ஒன்றை வெல்டிங் பட்டறையில் கீல் வைத்து அடித்து வாங்கி, காலையில் விரிக்கிறார், இரவில் மடித்து உள்ளே சாய்த்து வைக்கிறார். முதல் நாள் நான் அதில் ஏறி உள்ளே போனபோது எனக்கு இரும்புக்கடையில் வாங்க எதுவுமே இல்லை. ஒரு பூட்டு வாங்கினேன். கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது அந்தத் தகட்டில் என்னைவிட அதிகமாக ஏறுவது சரக்கு வண்டியும், முட்டிவலிக்காரப் பெரியவர்களும், பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரும் பாட்டிகளும்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். நம் கடைவீதியில் ஒரு நாள் முழுக்க நின்றாலும் எங்களில் ஐந்து பேரைக்கூடப் பார்க்க மாட்டீர்கள். "அப்படி யாரும் வர்றதில்லையே, யாருக்காகப் போடறது?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். நாங்கள் வீட்டில் இருக்கிறோம், அண்ணா. ஏற முடியாத தெருவுக்கு எதற்கு வர வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

சங்கமாகச் சேர்ந்து செய்தால் இது எளிது. பத்துக் கடைக்குச் சேர்த்து அளவெடுத்து ஒரே பட்டறையில் அடித்தால் விலை குறையும். எந்தக் கடைக்கு எது பொருந்தும் என்று நான் கூடவே வந்து பார்த்துச் சொல்கிறேன், நாற்காலியோடு. பேருந்து நிலையத்துக்கு எதிரே கட்டும் வளாகத்தின் உரிமையாளர் உங்கள் உறுப்பினர். சிமெண்ட் காய்வதற்கு முன்னால் அவரிடம் பேசுங்கள், உடைத்துக் கட்டும் செலவு அவருக்கு மிச்சம். மருந்துக்கடைகளில் இருந்து தொடங்குங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

முதல் கூட்டத்தைச் சங்க அலுவலகத்தில் வைக்காதீர்கள். தேரடி மண்டபத்துக்கு ஒரு படிகூடக் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடை அடைத்த பிறகு, ஒன்பதரைக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். நாளைச் சொல்லி அனுப்புங்கள். அளவுநாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு நான் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
தேரடித் தெரு ட்யூஷன் டீச்சர்